ஆட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள்

ஏழைக் குடும்பங்களுக்கு உதவியாக ஆடு கொடுக்கும் திட்டங்களில் இந்த மழைக்காலத்திலும் அதேதான் நடந்திருக்கிறது. சந்தையில் மொத்தமாக வாங்கிய ஆடுகள் மினி லாரியில் நெருக்கியடித்து வருகின்றன. மறுநாள் பந்தல், மேடை, பயனாளிகள் கையில் கயிறு. பத்து நாளில் மூக்குச்சளி, வாய்ப்புண், கழிச்சல், பிறகு சாவு. கொடுத்த ஆடு மட்டும் போவதில்லை, தெருவில் ஏற்கெனவே இருந்த ஆடுகளும் சேர்ந்து போகின்றன. உதவப் போன ஊரில் ஆட்டுக்கொல்லி நோயை இறக்கிவிட்டு வருகிறோம்.

"தடுப்பூசி போட்டுத்தானே கொடுத்தோம்" என்கிறார்கள். விழா அன்று காலையில் போட்ட ஊசி அன்று மாலையே காக்காது. எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். சந்தையை விட்டுவிட்டு, அதே வட்டாரத்தில் வளர்ப்பவர்களிடம் வாங்குங்கள். அங்கேயே ஊசி போட்டு, 21 நாள் தனியே வைத்திருந்து, பிறகு கொண்டுவாருங்கள். குடற்புழு நீக்கமும் அப்போதே முடியட்டும். சினையா இல்லையா என்று தெரியாத ஆட்டுக்கு ஆல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தை ஊற்றாதீர்கள், முதல் மாதச் சினையில் அது குட்டியைக் கெடுக்கும். ஃபென்பெண்டசோல் கொடுக்கலாம்.

நோயைவிட அதிகமாக ஆட்டைத் தின்பது ஒரு நம்பிக்கை: "ஆடுதானே, மேய்ந்து தானே வளர்ந்துகொள்ளும்." எங்கே மேயும்? யார் மேய்ப்பது? சினைக்காலம் 150 நாள். குட்டி விற்கும் எடைக்கு வர இன்னும் ஆறு முதல் எட்டு மாதம். ஆக, கையில் காசு வர ஏறக்குறைய ஒரு வருடம். அதுவரை ஆட்டைப் பெற்ற பெண் ஆட்டோடு போனால் கூலி போச்சு, கூலிக்குப் போனால் ஆடு முளையிலேயே கிடக்கும். வளர்ந்த ஆட்டுக்கு நாளைக்கு மூன்று கிலோவாவது பசுந்தீவனம் வேண்டும். மூன்று ஆட்டுக்கு ஒன்பது கிலோ. நிலமில்லாத வீட்டில் அதற்கு எங்கே போவாள்? வீட்டில் இருப்பதை வைக்கிறாள். பசிக்கிறதே என்று ஒரு பாத்திரம் ரேஷன் அரிசிச் சோறு. வயிற்றில் அமிலம் ஏறி, உப்பி, ஆடு செத்தே போகலாம். அவளைத் திட்டாதீர்கள். சோறு வைக்கக்கூடாது என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் முதலில் விற்கப்படுவதும் ஆடுதான். "கொடுத்ததை விற்றுத் தின்றுவிட்டார்கள்" என்று பேசுவதில் நியாயமே இல்லை.

வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002-இல் தொடங்கிய திட்டம் இதைப் புரிந்துகொண்டது. கால்நடையோடு சில மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம், பயிற்சி, சேமிப்பு, மருத்துவ உதவி, அடிக்கடி வீட்டுக்கே வரும் பணியாளர் என்று சுமார் இரண்டு வருடம் கூடவே நின்றார்கள். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் இந்த முறையைச் சோதித்து 2015-இல் வெளியான ஆய்வில், திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் குடும்பங்களின் நிலை மேலாகவே இருந்தது. கானாவில் ஒரு பிரிவினருக்கு வெறும் ஆடுகளை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை.

வாங்கும்போது பல்லைப் பாருங்கள். இரண்டு பல், நான்கு பல் முளைத்த இளம் ஆடு போதும். மொத்தமாகக் கேட்டால் பல் தேய்ந்த கிழட்டு ஆட்டைத் தள்ளிவிடுவார்கள். அந்தந்த ஊர் ஆட்டினத்தையே வாங்குங்கள்: தூத்துக்குடிப் பக்கம் கன்னி ஆடு, கொடி ஆடு. சேலம், தருமபுரியில் சேலம் கருப்பு. மண்ணுக்குப் பழகிய இனமே தாங்கும். வீட்டுக்கு ஒரு கிடா கொடுக்காதீர்கள், 20–25 பெட்டைக்கு ஒன்று போதும். அதையும் இரண்டு வருடத்தில் வேறு ஊருக்கு மாற்றாவிட்டால் தன் குட்டிகளோடேயே சேரும்.

தீவனத்தை ஆட்டுக்கு முன்பே நடுங்கள். வேலிமசால் என்ற தீவனச் செடியை விதைத்து 90 நாள் கழித்துத்தான் முதல் அறுவடை. நிலம் இல்லையா? வேலியோரத்தில் அகத்தி வையுங்கள்.

ஆட்டின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் பரவாயில்லை. மிச்சப் பணத்தை முதல் ஆறு மாத உதவித்தொகைக்கும், வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போகும் ஒரு களப்பணியாளரின் சம்பளத்துக்கும் ஒதுக்குங்கள். தயவுசெய்து.