வானூர்தி: வலவன் ஏவியதும் ஏவாததும்

ஏரோப்பிளேனுக்குத் தமிழ் எழுத்துவழக்கில் விமானம், வானூர்தி என்று இரண்டு சொற்கள் உள்ளன. நாளிதழ்கள் பெரும்பாலும் முதலாவதை எழுதுகின்றன. கலைச்சொல் ஆக்குவோரும் ஈழத்து எழுத்தாளர் பலரும் இரண்டாவதை விரும்புகின்றனர். பேச்சில் இரண்டுக்கும் இடம் குறைவு. ‘நாலு மணி பிளைட்டுல வர்றார்’ என்கிறோம். பறத்தலைக் குறித்த சொல் பறக்கும் பொறிக்கே பெயராகிவிட்டது.

விமானம் வடசொல். அளத்தல் பொருளுடைய ‘மா’ என்னும் வேரோடு ‘வி’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து பிறந்த இச்சொல், அடுக்கு மாளிகையையும் தேவர்கள் ஏறிச்செல்லும் வான்தேரையும் குறித்து வழங்கியது. தமிழ்நாட்டுக் கோயிற்கலையில் அது கருவறையின்மேல் எழும் கட்டுமானம். தஞ்சைப் பெரிய கோயிலில் ஏறத்தாழ 216 அடி உயர்ந்து நிற்பதைப் பலர் கோபுரம் என்பர். வாயிலின்மேல் நிற்பதே கோபுரம், கருவறையின்மேல் நிற்பது விமானம். புட்பக விமானக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள், புதிய பொறி வந்தபோது அதற்கு ‘ஆகாய விமானம்’ என்று பெயரிட்டதில் வியப்பில்லை. கோயில் விமானத்திலிருந்து பிரித்துக் காட்டவும் அந்த அடைமொழி உதவியது. பொறி பழகிப்போன பின் ‘ஆகாய’ உதிர்ந்துவிட்டது.

வானூர்தியின் வேர் ‘ஊர்’ என்னும் வினை. எறும்பு ஊர்வதையே இன்று முதலில் நினைக்கிறோம். ஆனால் ஏறிச் செலுத்துவதும் ஏறிச் செல்வதும் இவ்வினையின் பழம்பொருள்கள். சிவிகையைச் சுமப்பவனையும் அதில் அமர்ந்து செல்பவனையும் ‘பொறுத்தானோடு ஊர்ந்தான்’ என்று ஒரே தொடரில் வைக்கிறது 37ஆம் குறள். ஆகவே ஊர்தி என்பது ஏறிச்செல்ல உதவுவது. வானில் செல்வது வான ஊர்தி.

இத்தொடர் புறநானூற்றின் 27ஆம் பாடலில் உள்ளது. சோழன் நலங்கிள்ளியை நோக்கி உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவர் பாடும் புகழுடையோர் தம் செய்வினை முடித்தபின் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ எய்துவர் என்கிறார். வலவன் என்பவன் தேர்ப்பாகன். பாகன் செலுத்தாமலே செல்லும் அந்த ஊர்தி இறந்தபின் கிட்டும் பேறு; சிலப்பதிகாரத்தில் கோவலனோடு கண்ணகி ஏறுவதும் அத்தகைய வான ஊர்தியே. இவ்வடியைக் கொண்டு பழந்தமிழர் பறக்கும் பொறி செய்தனர் என்று வாதிடுவோர் பாடலின் பொருளையே கைவிடுகின்றனர்.

ஆனால் மாந்தப் பறப்பின் வரலாற்றைப் பார்த்தால், புலவர் இல்லையென்று சொன்ன அந்த வலவனே அங்குப் பெருஞ்சிக்கல். 1783 நவம்பர் 21 அன்று பாரிசில் இருவர் வெப்பக்காற்றுப் பலூனில் ஏறிச் சுமார் 25 நிமிடம் மிதந்தனர். போகும் திசையைக் காற்றே முடிவு செய்தது. செருமானியரான ஓட்டோ லிலியென்தால் தம் உடலை இப்படியும் அப்படியும் நகர்த்திச் சறுக்கு வானூர்திகளை, அதாவது இயந்திரமில்லாக் கிளைடர்களை, செலுத்தினார். 1896இல் காற்று வீச்சில் நிலைகுலைந்து விழுந்து மறுநாள் இறந்தார். ரைட் உடன்பிறப்புகளான வில்பரும் ஓர்விலும் இந்தச் செலுத்தும் சிக்கலிலிருந்துதான் தொடங்கினர். 1899இல் மிதிவண்டிக் கடையில் ஒரு நீண்ட அட்டைப்பெட்டியின் இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்கிப் பார்த்த வில்பர், இறக்கைகளையும் அவ்வாறே முறுக்கினால் ஒரு பக்கம் எழும், மறுபக்கம் தாழும் என்று கண்டார். 1903இன் பொறியில் ஓட்டுபவர் கீழிறக்கையின்மேல் குப்புறப் படுத்திருப்பார். இடுப்பை அசைத்தால் அதைத் தாங்கிய தொட்டில் நகர்ந்து, கம்பிகளை இழுத்து, இறக்கை நுனிகளை முறுக்கும். திசம்பர் 17 அன்று ஓர்வில் 12 நொடியில் 120 அடி பறந்தார். அன்றைய கடைசிப் பறப்பில் வில்பர் 59 நொடியில் 852 அடி கடந்தார். இயந்திரம் ஏறத்தாழ 12 குதிரைத்திறன் உடையது. அவர்களுடைய வெற்றியை இயந்திரத்தைவிட வலவனின் வெற்றி என்பதே பொருந்தும்.

இனி, எது தக்க சொல்? என் கருத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். பலூன், சறுக்கு வானூர்தி, ஹெலிகாப்டர், ஏரோப்பிளேன் அனைத்துக்கும் பொதுப்பெயராக வானூர்தி அமையட்டும். ஹெலிகாப்டரை உலங்கு வானூர்தி என்பதும் அவ்வகையில் ஒத்துவருகிறது. அசையா இறக்கையும் இயந்திரமும் உடையதற்கு விமானம் என்பது மக்கள் நாவில் ஊறிவிட்டது; விமானி, விமான நிலையம் என்று கிளைத்தும்விட்டது. ஏவியேஷன் என்பதோ பறவையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மொழியில் ஆக்கப்பட்டது. அதை ‘விமானப் போக்குவரத்து’ என்று எழுதினால் பயிற்சி, வடிவமைப்பு, போர்ப்பறப்பு ஆகியவை விடுபடுவதால், துறைப்பெயராக வானூர்தியியல் மேல்.

டிரோனை ‘வலவன் ஏவா வானூர்தி’ என்று எழுதும் வழக்கமும் பரவிவருகிறது. கேட்க இனிது, ஆயினும் திருமண மண்டபத்தில் படம்பிடிக்கும் டிரோனுக்கு வலவன் இருக்கிறார், கையில் ரிமோட்டுடன் பந்தலடியில் நின்றுகொண்டு. அவர் ஏவித்தான் அது பறக்கிறது. அதற்கு ஆளில்லா வானூர்தி என்பதே சரி. சாத்தனாரின் தொடரை, கையேவல் இன்றித் தானே வழிகண்டு பறப்பதற்கு ஒதுக்கி வைக்கலாம்.