புது மாவட்டத்துக்குத் தலைநகர் எங்கே? கோர்ட்டுக்குப் போகும் முன்

மாவட்டத்தைப் பிரிக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், ஊரில் கடையடைப்பு நடக்கும். அடுத்து வசூல் ஆரம்பிக்கும். "ஹைகோர்ட்டில் ஸ்டே வாங்கிவிடலாம், கலெக்டர் ஆபீஸ் நம்ம ஊருக்குத்தான்" என்று யாரோ உறுதி சொல்ல, கூலிக்குப் போகிறவர்கள்கூடப் பணம் கொடுப்பார்கள். இந்த மாதிரி வழக்கு எங்கே போய் முட்டும் என்பது 1988லேயே முடிவாகிவிட்ட விஷயம். அதை மறைத்துப் பணம் வாங்குகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

1985இல் ஆந்திராவில் என்.டி.ராமராவ் அரசு தாலுகாக்களுக்குப் பதிலாக 1,104 மண்டலங்களை உருவாக்கியது. தலைமையிடம் எந்த ஊர் என்று ஏகப்பட்ட வழக்குகள். மக்கள்தொகை, சாலை வசதி என்று அரசே நெறிமுறை வகுத்திருந்ததால், அதை மீறிவிட்டார்கள் என்று சில ஊர்கள் உயர் நீதிமன்றத்தில் ஜெயிக்கவும் செய்தன. 1988இல் உச்ச நீதிமன்றம் ஜே.ஆர்.ரகுபதி வழக்கில் அதையெல்லாம் புரட்டிப்போட்டது. தலைமையிடத்தைத் தேர்வது அரசின் வேலை. அந்த நெறிமுறை அதிகாரிகளுக்கான அறிவுரை, அதை வைத்து யாரும் உரிமை கோர முடியாது. தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தினுடையது என்பதால் தமிழ்நாட்டுக்கும் பொருந்தும்.

ஆக, "எங்கள் ஊர் பெரிது", "எங்களுக்குத்தான் ரயில் இருக்கிறது", "கலெக்டரே எங்கள் ஊரைத்தான் பரிந்துரைத்தார்" என்ற வாதங்களுக்கு வக்கீல் ஃபீஸ் கொடுக்காதீர்கள். 2022இல் ஆந்திரா 13 மாவட்டங்களை 26 ஆக்கியபோது மக்களவைத் தொகுதிதான் அடிப்படை என்றார்கள். ஆனால் ராஜம்பேட்டை தொகுதிக்கு ராயச்சோட்டி, இந்துபூர் தொகுதிக்கு புட்டபர்த்தி, நரசாபுரம் தொகுதிக்கு பீமவரம் தலைநகராயின. தொகுதிக்குப் பெயர் கொடுத்தும் தலைநகர் கிடைக்காத மூன்று ஊர்களும் கொந்தளித்தன. இறுதி அறிவிக்கை மாறவில்லை.

உங்கள் கையில் உண்மையில் இருப்பது அதற்கு முந்தைய கட்டம். ஆந்திரச் சட்டப்படி வரைவு அறிவிக்கை கெசட்டில் வந்ததிலிருந்து 30 நாள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 2022இல் ஜனவரி 26 அன்று வரைவு வந்தது, ஏப்ரல் 4 அன்று மாவட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஊர் கூடிப் பேசி முடிப்பதற்குள் கெடு ஓடிவிடும். அமைச்சரிடம் சால்வை போட்டுக் கொடுத்த மனு ஆட்சேபம் ஆகாது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசியதை மட்டும் நம்பாதீர்கள், அதையே எழுதியும் கொடுங்கள். ஒரே மனுவை ஆயிரம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் ஒரே கட்டாகக் கட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். ஊராட்சித் தீர்மான நகல், பஸ் நேரம், மலைக் கிராமத்திலிருந்து போய்வர ஆகும் செலவு என்று அவரவர் நிலைமையை எழுதுங்கள். தபால் பிரிவில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு சீல் வேண்டும். "சீல் போடுகிறவர் லீவு" என்பார்கள். சரி, அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்த பிறகு, கலெக்டர் அனுப்பிய அறிக்கையையும் உங்கள் ஆட்சேபத்தின் மேல் எழுதப்பட்ட குறிப்பையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கலெக்டர் அலுவலகம் "கோப்பு தலைமைச் செயலகத்தில்" என்று கையை விரிக்கும். அப்படிச் சொல்ல அவர்களுக்கு இடமே இல்லை. 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மனுவை அவர்களே மாற்றிவிட வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. சட்டம் சொன்ன நடைமுறையையே அரசு தாண்டியிருந்தால்தான் வழக்குக்குக் கொஞ்சம் உயிர் இருக்கும். அதற்கு ஆதாரம் இந்தக் காகிதங்கள்தான்.

ஊர்த் தேர்வில் தலையிடாத நீதிமன்றங்கள் வேறு இரண்டு விஷயங்களில் தலையிட்டிருக்கின்றன. ஒன்று நிலம். கள்ளக்குறிச்சி கலெக்டர் அலுவலகத்துக்கு வீரசோழபுரம் கோயில் நிலத்தை எடுக்கப்போய் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. இன்னொன்று உள்ளாட்சித் தேர்தல். 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டில் பிரிவினைக்கு உள்ளான 9 மாவட்டங்களில் வார்டு மறுவரையறை முடியாமல் தேர்தல் கூடாது என்றது. அங்கே ஊரகத் தேர்தல் நடக்க 2021 அக்டோபர் ஆனது. அதுவரை அந்தக் கிராமங்களில் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. வழக்கில் ஜெயித்தாலும் இப்படி ஒரு விலை உண்டு, அதையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அப்புறம், பிரிவினை முடிந்ததும் புரோக்கர்கள் வருவார்கள். "மாவட்டம் மாறிப்போச்சு, பழைய பத்திரம் செல்லாது, மாற்றித் தருகிறேன்" என்பார்கள். பதிவான பத்திரம் அப்படியே செல்லும், யாருக்கும் பைசா கொடுக்க வேண்டாம். பத்திரம் பதிவதற்கான பதிவு மாவட்டம் வேறு, கலெக்டரின் வருவாய் மாவட்டம் வேறு. மாவட்ட நீதிமன்றமும் கலெக்டர் அலுவலகத்தோடு சேர்ந்து அன்றைக்கே வந்துவிடாது. நிலுவையில் வழக்கு இருந்தால் வாய்தா எந்த ஊரில் என்று வக்கீலிடம் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.