துருப்பிடித்த ஆணியும் ஒரு டையோடும்: ஒட்டுக்கேட்புக் கருவிகளைத் தேடும் அறிவியல்

ஒட்டுக்கேட்புக் கருவிகளைத் தேடித் தரும் நிபுணர்களுக்கு யாராவது முதன்முறையாக போன் செய்தால், அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "இப்போ எங்கே இருந்து பேசுறீங்க?" சந்தேகப்படும் அறையில் இருந்தே என்றால், உடனே வைத்துவிடச் சொல்வார்கள். வெளியே போய், வேறு ஒருவருடைய போனில் கூப்பிடச் சொல்வார்கள். அறையில் உண்மையிலேயே கருவி இருந்தால், அதை வைத்தவர் இந்த அழைப்பையும் கேட்டிருப்பார். தூரத்தில் இருந்தபடியே அதை அணைத்துவிடலாம், அல்லது ஆள் வந்து எடுத்துப் போய்விடலாம். சோதனை நடக்கும் நாளில் அறை சுத்தமாக இருக்கும். நிபுணர்கள் போன மறுநாள் கருவி பழைய இடத்துக்கே வந்துவிடும்.

எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இந்தக் கருவிகளுக்கு நான்கு தேவைகள் உண்டு. பேச்சு அதை வந்து சேர வேண்டும். அது இயங்க மின்சாரம் வேண்டும். கேட்டதை வெளியே கொண்டுபோக ஒரு வழி வேண்டும். ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். ஒவ்வொரு தேவையும் ஏதோ ஒரு தடயத்தை விட்டுவைக்கிறது. சோதனை என்பது இந்த நான்கையும் தனித்தனியாகத் துரத்துவதுதான். ஏனென்றால் நான்கையும் ஒருசேரக் காட்டும் கருவி இன்றுவரை கிடையாது.

முதலில் ரேடியோ அலை. பெரும்பாலான கருவிகள் கேட்டதை ரேடியோ அலையாக வெளியே அனுப்புகின்றன. அப்படியானால் அலையைப் பிடித்தால் கருவி சிக்கிவிடும், இல்லையா? சிக்கல் என்னவென்றால், இன்றைக்கு எந்த அறையிலும் அலைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. எஃப்எம் நிலையங்கள், செல்போன் கோபுரங்கள், பக்கத்து வீட்டு வைஃபை, கார் சாவி, புளூடூத் ஹெட்செட் என்று எத்தனையோ. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 'டிடெக்டர்' பெட்டி இவை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கத்தும். கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டில் அது ஓயாமல் மினுங்கும். ஏற்கெனவே பயந்துபோய் இருப்பவரை அது இன்னும் பயமுறுத்தும், அவ்வளவுதான்.

நிபுணர்கள் கொண்டுவருவது ஸ்பெக்ட்ரம் அனலைசர். எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலுவான அலை இருக்கிறது என்பதை அது திரையில் மேடும் பள்ளமுமாக வரைந்து காட்டும். முதலில் கட்டடத்துக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் அறைக்குள் ஒரு படம். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால், வெளியே இல்லாமல் உள்ளே மட்டும் தலைதூக்கும் மேடு எதுவோ, அதன் மேல் கண் விழும்.

இதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் எளிமையானது. தூரம் பாதியானால் அலையின் திறன் நான்கு மடங்காகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோபுரத்தை நோக்கி ஒரு மீட்டர் நகர்ந்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் இரண்டு மீட்டரில் இருக்கும் கருவியை நோக்கி அதே ஒரு மீட்டர் நகர்ந்தால், மேடு சட்டென்று எழும். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் இந்தக் கணக்கைக் கலைத்துவிடும் என்பதால், ஒரே அறையில் பல இடங்களில் ஆன்டெனாவை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு சோறு பதம் என்ற கணக்கு இந்த வேலைக்கு ஒத்துவராது.

அறையில் பாட்டோ பேச்சோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் முக்கியம். ஒலி கேட்டால் மட்டும் விழித்துக்கொள்ளும் கருவிகள் உண்டு. அமைதியான அறையில் அவை தூங்கும், அலை எதையும் அனுப்பாது. அதேபோல விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் போட்டுவிட்டுத்தான் தேடுவார்கள். சுவிட்சுக்குப் பின்னால் மின்சாரம் திருடி வாழும் கருவி, சுவிட்சைப் போட்டால்தானே உயிர் பெறும்.

இந்த உத்திக்கு வரலாற்றிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1945-ல் சோவியத் சிறுவர் இயக்கப் பிள்ளைகள், மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றை நட்பின் அடையாளமாகக் கொடுத்தார்கள். அது தூதர் இல்லத்தில் படிப்பறைச் சுவரில் ஏறியது. உள்ளே இருந்தது ஓர் உலோகக் குழிவு, அதன் வாயில் மெல்லிய சவ்வு, ஓர் ஆன்டெனா. பேட்டரி இல்லை, ஒயர் இல்லை. வெளியே இருந்து யாராவது ரேடியோ அலையைப் பாய்ச்சினால் மட்டும் அது வேலை செய்யும். அறையில் பேசும்போது சவ்வு அதிரும், அந்த அதிர்வு திரும்பிப் போகும் அலையில் பதிந்துவிடும். வடிவமைத்தவர் லெவ் தெரமின். கையால் தொடாமலே வாசிக்கும் மின்னிசைக் கருவியை உருவாக்கியவரும் அவரேதான்.

ஏழு ஆண்டுகள் அது அங்கேயே தொங்கியது. 1952-ல் தேட வந்த தொழில்நுட்பவியலாளர்கள், அப்போதைய தூதர் ஜார்ஜ் கெனனை வழக்கம்போல ஏதாவது ஒரு கடிதத்தை உரக்கச் சொல்லி எழுதவைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அவர் பழைய அறிக்கை ஒன்றைச் சொல்லச் சொல்ல, எதிர்முனையில் இருந்தவர்கள் அதைக் கேட்க அலையைப் பாய்ச்சினார்கள். தேடியவர்களின் கருவியில் தூதரின் குரல் வந்தது. அலையைத் தொடர்ந்து போய் அந்தச் சுவரை உடைத்து, முத்திரையையும் பிளந்தார்கள். தூதர் அன்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் தேடியவர்களுக்குப் பிடிக்க எந்த அலையும் கிடைத்திருக்காது.

சரி, கருவி அணைந்தே கிடந்தால்? பேட்டரி தீர்ந்துபோயிருந்தால்? இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது.

எந்த மின்னணுக் கருவியிலும் டையோடு, டிரான்சிஸ்டர், சிப் என்று குறைகடத்திகள் இருக்கும். இரண்டு வகைக் குறைகடத்திகள் சேரும் இடத்துக்குச் சந்தி என்று பெயர். அதன் குணம், மின்னோட்டத்தை ஒரு பக்கம் எளிதாக விட்டு, மறுபக்கம் தடுப்பது. அதன் மேல் ஒரு சீரான ரேடியோ அலையைப் பாய்ச்சினால், அலையின் ஒரு பாதி கடந்துபோகும், மறுபாதி நசுங்கும். நசுங்கிய அலையில் புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. 800 மெகாஹெர்ட்ஸ் அனுப்பினால் 1600, 2400 மெகாஹெர்ட்ஸ் அலைகளும் மெலிதாகத் திரும்பி வரும். கருவிக்கு மின்சாரம் வேண்டியதே இல்லை. அணைந்து கிடக்கும் ரெக்கார்டரும் பதில் சொல்லியே தீர வேண்டும். நேர்கோடல்லாச் சந்தி உணர்வி என்று இதைச் சொல்லலாம். பார்ப்பதற்கு நீண்ட கம்பியின் நுனியில் ஒரு தட்டு மாட்டியது போல இருக்கும்.

அதைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இஸ்திரி போடுவது போல மெதுவாக நகர்த்துகிறார்கள். திடீரென்று ஒலி எழுகிறது. உள்ளே ஏதோ இருக்கிறது. ஆனால் துருப்பிடித்த ஆணியும் இப்படி ஒலி எழுப்பும். இரண்டு உலோகங்களுக்கு நடுவே துரு உட்கார்ந்தால் அதுவும் அலையை நசுக்கும் ஒரு சந்திதான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரு நுட்பமான வேறுபாடு. டையோடு அலையின் ஒரு பக்கத்தை மட்டும் நசுக்குகிறது, அதனால் இரண்டு மடங்கு அதிர்வெண் வலுவாக வரும். துரு இரண்டு பக்கத்தையும் ஏறக்குறைய சமமாக நசுக்குகிறது, அதனால் மூன்று மடங்கு வலுவாக வரும். திரையில் இரண்டு பட்டைகள் ஓடும், எது உயரம் என்று பார்ப்பார்கள். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் ரப்பர் சுத்தியலால் சுவரை லேசாகத் தட்டுவார்கள். துருவில் இருக்கும் தொடர்பு தளர்வானது. தட்டினால் அது அசையும், ஒலி கரகரக்கும். சிப்புக்குள் இருக்கும் சந்தி அசையாது, பட்டை அப்படியே நிற்கும். அப்போதுதான் சுவரில் துளை போடும் யோசனை வரும்.

இந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. டிவி, கடிகாரம், ரிமோட் என்று எல்லாவற்றிலும் குறைகடத்தி இருப்பதால் அவற்றுக்குப் பக்கத்தில் இது பயன்படாது. கனமான உலோகக் கவசத்துக்குள் இருப்பதும் தப்பிக்கலாம். மாஸ்கோ முத்திரையில் குறைகடத்தியே இல்லாததால், அது இன்றைக்கும் இதற்கு எளிதில் சிக்காது.

மின்னணுப் பொருளுக்குள்ளேயே ஒளிந்திருப்பதைப் பிடிக்க எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அல்லது பிரித்துப் பார்க்க வேண்டும். 1984-ல் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகம், லெனின்கிராடில் இருந்த துணைத் தூதரகம் இவற்றின் டைப்ரைட்டர்களை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை திரும்ப வரவழைத்து எக்ஸ்ரே எடுத்தது. 16 ஐபிஎம் டைப்ரைட்டர்களில், உள்பாகங்களைத் தாங்கும் உலோகத் தண்டுக்குள் கருவி இருந்தது. எழுத்துகளைத் தட்டும்போது நகரும் பாகங்களின் காந்தப்புல மாற்றத்தை உணர்ந்து, எந்த எழுத்து என்று அனுப்பியிருக்கிறது. அலை போனது உள்ளூர் டிவி ஒளிபரப்பின் அதிர்வெண் பட்டையில். சோதனைக்காரர்கள் வந்தால் தூரத்தில் இருந்தே அணைக்கவும் முடிந்தது. வேற்று அலையைத் தேடும் கண்ணுக்கு, பழகிய இடத்தில் நிற்கும் அலை தெரியவில்லை.

இன்றைக்குச் சாதாரண வீடுகளிலும் அலுவலகங்களிலும் கிடைப்பவை இவ்வளவு அழகான பொறியியல் இல்லை. பொதுவாகக் கிடைப்பது சிம் கார்டு போட்ட சின்னப் பெட்டி. கருவியை வைத்தவர் அந்த எண்ணுக்கு டயல் செய்தால், மணி அடிக்காமல் அதுவாகவே எடுத்துப் பேச்சைக் கேட்கவைக்கும். 2013-ல் லண்டனில் ஈக்வடார் தூதரின் அலுவலகத்தில் கிடைத்ததும், மின் இணைப்புப் பெட்டிக்குள் வைத்த இந்த மாதிரிக் கருவிதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சார்ஜர், மேசை விளக்கு இவற்றில் வைத்தால் மின்சாரமும் தாராளமாகக் கிடைக்கிறது. பழைய 2ஜி வகை என்றால் அலையை விநாடிக்கு 217 முறை விட்டுவிட்டு அனுப்பும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போன் இருந்தால் முன்பெல்லாம் 'டிட்டிட்டி' என்று கேட்குமே, அதே தாளம்தான்.

மின்சாரம் குடிக்கும் எதுவும் சூடாகும். வெப்பக் கேமரா பத்தில் ஒரு டிகிரி வேறுபாட்டைக்கூடக் காட்டிவிடும். எதுவும் செருகாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒரு மூலை மட்டும் வெதுவெதுப்பாகத் தெரிந்தால் அதைத் திறந்தே பார்க்க வேண்டும். தொலைபேசி ஒயரில் யாராவது கொக்கி போட்டிருந்தால் அதற்கு வேறு வழி. ஒயரில் ஒரு மின்துடிப்பை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை அளக்கிறார்கள். துடிப்பு நானோவிநாடிக்கு, அதாவது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கு, சுமார் 20 சென்டிமீட்டர் ஓடும். 100 நானோவிநாடியில் எதிரொலி வந்தால், போகவும் வரவும் சேர்த்து 20 மீட்டர், அதாவது 10 மீட்டரில் ஏதோ இணைந்திருக்கிறது என்று பொருள்.

இத்தனைக்கும் பிறகு, அதிக நேரம் எடுப்பது கையும் கண்ணும் செய்யும் வேலைதான். ஸ்க்ரூ தலையில் புதிய கீறல், சுவிட்ச் போர்டு ஓரத்தில் தூசி கலைந்த தடம், சீலிங் பலகையில் விரல் அழுக்கு, சுவரில் நிறம் சற்றே மாறிய பெயின்ட். நாற்காலியைக் கவிழ்த்து, மேசை இழுப்பறையை உருவி, ஏசி குழாய்க்குள் மெல்லிய கேமராவை விட்டுப் பார்க்கிறார்கள். சந்தி உணர்விக்கும் தப்பிய, அலையே அனுப்பாத ரெக்கார்டரைப் பிடிக்கப் பெரும்பாலும் இதுதான் வழி. ஒரு நடுத்தர அறைக்கே பல மணி நேரம் ஆகும். ஒற்றைப் பெட்டியோடு வந்து, அரைமணி நேரத்தில் முழு வீட்டையும் சுற்றிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று சான்றிதழ் கொடுப்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று அழுத்தமாகவே சொல்வேன். என்னென்ன கருவிகள், எத்தனை மணி நேரம், எழுத்து அறிக்கை உண்டா என்று முன்பே கேளுங்கள். நல்லவர்கள் இந்தக் கேள்விகளை விரும்புவார்கள்.

நல்லவர்கள் கேட்கும் இன்னொரு கேள்வியும் உண்டு: உங்கள் போனை வேறு யார் கையில் எடுத்திருக்கிறார்கள்? வீட்டில் நடந்தது எல்லாம் ஒருவருக்குத் தெரிந்துவிடுகிறது என்றால், காரணம் சுவரில் இல்லாமல் போனில் இருக்கலாம். உளவுச் செயலி, பகிர்ந்த கணக்கு, இருப்பிடம் காட்டும் அமைப்பு, ஒருவரும் கடவுச்சொல் மாற்றாத வைஃபை. வீட்டில் வன்முறைக்கு ஆளாகிறவர்கள் விஷயத்தில் இதைச் சொல்லாமல் இருக்கவே முடியாது. அங்கே ஒட்டுக் கேட்பவர் கதவுக்குச் சாவி வைத்திருப்பவராகவே இருக்கலாம். அவருக்குத் தெரியும்படி கருவியை அகற்றினால் ஆபத்து கூடும். சோதனைக்கு முன்பே, அவர் அணுக முடியாத ஒரு போனில் இருந்து உதவி கேட்டுவைப்பது அவசியம்.

கருவி கிடைத்தே விட்டால், முதல் ஆசை அதைப் பிடுங்கி எறிவதாக இருக்கும். செய்யக் கூடாது. தொட்டால் கைரேகை கெடும், பிடுங்கினால் வைத்தவருக்குத் தெரிந்துவிடும். அங்கே எதுவும் பேசாமல் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, போலீசுக்கோ வழக்கறிஞருக்கோ சொல்ல வேண்டும். சிம் கார்டு, வரிசை எண் இவை வைத்தவர் வரை கொண்டுபோய்விடும் தடயங்கள்.

எதுவும் கிடைக்காவிட்டாலும் ஒரு வேலை பாக்கி இருக்கும். சோதனை சொல்வது அன்றைய நிலையை மட்டும்தான். அதனால் கிளம்புவதற்கு முன், திறந்து மூடிய ஒவ்வொரு சுவிட்ச் போர்டிலும் ஸ்க்ரூ தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே, புறஊதா வெளிச்சத்தில் மட்டும் தெரியும் பேனாவால் ஒரு கோடு இழுத்துவைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த முறை வரும்போது முதலில் புறஊதா விளக்கைப் போட்டு அந்தக் கோடுகளைத்தான் பார்ப்பார்கள். ஏதாவது ஒரு ஸ்க்ரூவில் கோடு உடைந்து, இரண்டு பாதியும் ஒன்றோடொன்று சேராமல் நின்றால், அன்றைய தேடல் அந்தப் போர்டில் தொடங்கும்.