ஜீன்ஸின் பொருத்தம் இடுப்பு எண்ணில் இல்லை

ஜீன்ஸ் வாங்கப் போகிறவர் முதலில் தேடுவது இடுப்பு எண்ணை. பொருத்தத்தைப் பற்றி அந்த எண் சொல்வது மிகக் குறைவு. 32 என்று அச்சிட்ட ஜீன்ஸில் அளவு நாடாவை வைத்துப் பார்த்தால் 33, 34 அங்குலம் வருவது சகஜம். வாங்குபவர் தான் மெலிந்துவிட்டதாக மகிழட்டும் என்று தாராளமாக வெட்டும் பழக்கம் ஆயத்த ஆடைத் தொழிலில் நெடுநாளாக உண்டு. இடுப்பு ஓர் அங்குலம் பெரிதாக இருந்தால் தையற்காரர் பிடித்துக் கொடுத்துவிடுவார். யாராலும் சரிசெய்ய முடியாத அளவு வேறொன்று இருக்கிறது. முன் இடுப்புப் பட்டியில் தொடங்கி, கவட்டுக்கு அடியில் நுழைந்து, பின் இடுப்புப் பட்டி வரை ஏறும் தையலின் நீளமும் வளைவும்தான் அது. முன்பாதிக்கு முன் ரைஸ், பின்பாதிக்குப் பின் ரைஸ் என்று பெயர். பொதுவாகப் பின் ரைஸ் 3 முதல் 5 அங்குலம் வரை கூடுதலாக இருக்கும்.

நிற்கும்போது எல்லா ஜீன்ஸும் ஓரளவு நன்றாகத்தான் தெரியும். உட்கார்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். உட்காரும்போது இடுப்பின் பின்புறத்திலிருந்து கவடு வரையிலான தூரம் நீள்கிறது, முன்பக்கம் மடிந்து குறுகுகிறது. பின் ரைஸ் போதுமான நீளம் இருந்தால் துணி அந்தக் கூடுதலை ஈடுகட்டும். போதாவிட்டால் பட்டி பின்னால் இறங்கும், முன்னால் வயிற்றை அழுத்தும். ஸ்ட்ரெட்ச் துணி இழுபட்டுக் கொடுக்காதா என்று தோன்றலாம். பெரும்பாலும் கொடுக்காது. காரணம் நெசவில் இருக்கிறது.

டெனிம் என்பது ட்வில் நெசவு. காலின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் குறுக்கே ஓடும் மூன்று ஊடை நூல்களுக்கு மேலாகவும் ஒன்றுக்குக் கீழாகவும் போகும். பக்கத்துப் பாவு நூல் ஓர் இழை தள்ளி அதையே செய்யும். அந்தத் தள்ளல்தான் துணியில் சாய்கோடாகத் தெரிகிறது. பாவு மட்டும் நீலம், ஊடை வெள்ளை. அதனால்தான் ஜீன்ஸின் வெளிப்புறம் நீலமாகவும் உட்புறம் வெளிறியும் இருக்கிறது. ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸில் எலாஸ்டேன் என்ற, ரப்பர்போல் நீளும் செயற்கை இழையைப் பெரும்பாலும் ஊடையில்தான் சேர்ப்பார்கள். ஆகவே துணி குறுக்கே நீளும், தொடையிலும் பிட்டத்தை மூடும் சீட்டிலும் விட்டுக்கொடுக்கும். மேலிருந்து கீழே ஏறக்குறைய அசையாது. பின் ரைஸ் குட்டையாக இருக்கும் ஜீன்ஸில் எத்தனை சதவீத எலாஸ்டேன் இருந்தும் பலனில்லை.

டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958இல் உருவாக்கிய இழை இது. ஜீன்ஸுக்கு 1 அல்லது 2 சதவீதம் போதும். அதற்கு மேல் போகப் போக நீளும் தன்மை கூடும், ஆனால் நீண்டது திரும்புமா என்பதே கேள்வி. கடையிலேயே சோதிக்கலாம். தொடைப் பகுதியில் குறுக்காக 10 செ.மீ. இடைவெளியில் இரு விரல்களால் பிடித்து 12 செ.மீ. வரை இழுத்து, பத்து எண்ணி விடுங்கள். சில நொடிகளில் பழைய 10 செ.மீ.க்கு வந்துவிட வேண்டும். பத்தரையில் நின்றுவிட்டால், மாலைக்குள் முட்டி புடைத்துப் பை கட்டிக்கொள்ளும் ஜீன்ஸ் அது.

நூறு சதவீதப் பருத்தி வேறு மாதிரி நடந்துகொள்ளும். உடல் சூட்டிலும் அசைவிலும் இடுப்பு ஓர் அங்குலம் வரை தளரும். எனவே வாங்கும்போது பட்டன் போடக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். நீளமோ எதிர்த் திசையில் போகும். முன்சுருக்கம் செய்த துணிகூடத் துவைப்பில் 2, 3 சதவீதம் குறையலாம், 80 செ.மீ. உள்கால் நீளத்தில் அது சுமார் 2 செ.மீ. பாட்டத்தை இரண்டு முறை துவைத்த பிறகு மடித்துத் தைப்பதே உத்தமம். முன்சுருக்கம் செய்யாத துணி 10 சதவீதம் வரை சுருங்கக்கூடும், அதை அளவு பார்த்து வாங்குவது தனி வித்தை.

ட்ரையல் ரூமில் கண்ணாடி முன் நிற்பதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். ஒரு நிமிடம் உட்காருங்கள், குத்துக்காலிட்டு எழுங்கள், ஒரு காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வையுங்கள். பிறகு மடிப்புக்கோடுகளைப் பாருங்கள். கவட்டிலிருந்து தொடையை நோக்கிப் பூனை மீசைபோல் கோடுகள் விரிந்தால் தொடையோ சீட்டோ இறுக்கம். முன் பாக்கெட் வாய் பிளந்து நின்றாலும் அதே குறை. பிட்டத்துக்குக் கீழே துணி தொங்கி மடிந்தால் பின்பக்கத்தில் துணி அதிகம். ஒரு சைஸ் குறைத்தால் இடுப்புதான் இறுகும், தொங்கல் போகாது, வேறு கட் தேட வேண்டும். சீட் சரியாக இருந்தும் முதுகுப் பக்கம் பட்டி விலகி நின்றால், பட்டிக்குக் கீழே இருக்கும் யோக்கைக் கவனியுங்கள். பின் பாக்கெட்டுகளுக்கு மேலே, நடுவில் கீழே இறங்கும் ‘V’ வடிவத் துண்டு அது. இடுப்புக்கும் சீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வளைத்துக் கொடுப்பது அதன் வேலை. V ஆழமாக இருந்தால் வளைவு அதிகம். தட்டையான யோக்கும் நேர்ப்பட்டியும் உள்ள ஜீன்ஸ் வளைந்த உடம்புக்கு ஒருநாளும் படியாது. தையற்காரர் பின்னால் பிடிக்கலாம், ஆனால் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பிடித்தால் பின் பாக்கெட்டுகள் இரண்டும் நெருங்கி வந்து விகாரமாகிவிடும்.

காலின் வெளித்தையல் முன்பக்கம் திரும்பி நிற்கிறதா என்றும் பாருங்கள். ட்வில் துணிக்குச் சாய்கோட்டின் திசையில் முறுக்கிக்கொள்ளும் குணம் உண்டு, ஆலையில் துணியை எதிர்ப்பக்கமாகச் சற்றுக் கோணலாக்கி அதைச் சமன் செய்வார்கள். புதிதிலேயே திரும்பியிருக்கும் கால் துவைத்தபின் இன்னும் திரும்பும்.

நன்றாகப் பொருந்தும் பழைய ஜீன்ஸ் வீட்டில் இருந்தால் அதுவே சிறந்த அளவுகோல். சமதளத்தில் விரித்து இடுப்பு, முன் ரைஸ், பின் ரைஸ், கவட்டுக்கு ஓர் அங்குலம் கீழே தொடை, முட்டி, பாட்டம், உள்கால் நீளம் ஆகிய ஏழையும் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்கும்போது எண்ணை விட்டுவிட்டு இந்த அளவுகளை ஒப்பிடலாம். ரைஸில் அரை அங்குலம் வித்தியாசமே உடம்பில் தெரியும்.

இனி விலைக்கு வருவோம். ஜீன்ஸின் உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள், கொடுக்கும் பணம் எங்கே போயிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். உள்கால் தையலிலும் சீட் தையலிலும் இரு துணி விளிம்புகளும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, இரட்டை வரிசையாகத் தைக்கப்பட்டிருந்தால் நல்லது. வெட்டிய விளிம்பில் ஓவர்லாக் மட்டும் போட்டிருந்தால் செலவைக் குறைத்திருக்கிறார்கள். வெளிக்காலில் ஓவர்லாக் இருப்பது குறையல்ல, அங்கே இழுவிசை குறைவு. ஜிப்பின் அடிமுனை, பாக்கெட் மூலைகள், பெல்ட் லூப் முனைகள் ஆகிய இடங்களில் நெருக்கமான குறுக்குத் தையல் இருக்க வேண்டும். பாக்கெட் மூலைதான் முதலில் கிழியும் என்பது பழைய அனுபவம்: அங்கே செம்பு ரிவெட் அடிக்கும் யோசனைக்கு ஜேக்கப் டேவிஸும் லெவி ஸ்ட்ராஸும் 1873 மே 20 அன்று காப்புரிமை பெற்றார்கள்.

துணியின் எடையைச் சதுர கஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். 12 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 407 கிராம். தினசரி உடுத்த 11 முதல் 13 அவுன்ஸ் வசதியானது. 9 அவுன்ஸ் வெயிலுக்கு இதம், ஆனால் தொடை உராயும் இடத்தில் சீக்கிரம் தேயும். செல்வெஜ் எனப்படும், பிரியாதபடி தறியிலேயே நெய்து முடித்த ஓரத்துக்குத் தனியாகப் பணம் கொடுப்பது ரசனை சார்ந்த விஷயம். அது குறுகிய பழைய வகைத் தறியில் நெய்த அடையாளம், வலிமைக்குச் சான்றல்ல.

பணம் வீணாகும் இடம் ஆலையிலேயே வெளுத்துக் கிழித்த ஜீன்ஸ். இண்டிகோ என்ற நீலச் சாயம் நூலின் மேற்பரப்பில் மட்டுமே வளையமாகப் படியும், நடு இழை வெள்ளையாகவே இருக்கும். அந்த வெள்ளையைக் காட்ட வேண்டுமானால் உப்புத்தாள், கல், என்சைம் என எதையாவது கொண்டு மேல் இழைகளை அரிக்க வேண்டும். உடுத்தித் தேய்க்க வேண்டிய துணியை முன்கூட்டியே தேய்த்து விற்கிறார்கள். மணலை வீசித் தேய்க்கும் முறை தொழிலாளர்களின் நுரையீரலையே அரித்ததால் துருக்கி 2009இல் அதற்குத் தடை விதித்தது.

துவைப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, 30 டிகிரிக்கு மேல் போகாத நீரில் துவைத்து, நிழலில் காயப்போட வேண்டும். குளோரின் ப்ளீச்சும் டிரையர் சூடும் எலாஸ்டேனை முறித்துவிடும். துணியின் மேல் நுண்ணிய வெள்ளை மயிர்போல் துருத்தி நிற்பவை பெரும்பாலும் அப்படி அறுந்த இழைகள்தாம். துவைக்கவே கூடாது என்பது வெறும் பேச்சு. வியர்வையும் அழுக்கும் இழைகளுக்கிடையே தங்கி உராய்வைக் கூட்டும். ஜீன்ஸ் முதலில் சாவது கவட்டுத் தையலுக்கு இருபுறமும்தான். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: அங்கே நீலம் மறைந்து வெள்ளை ஊடை மட்டும் வலைபோல் தெரிந்தால், அந்த வாரமே உட்புறம் மெல்லிய துணி வைத்து, பாவின் திசையில் முன்னும் பின்னுமாக நெருக்கமாகத் தைத்துவிடலாம். ஓட்டை விழும்வரை காத்திருந்தால் ஒட்டு போட அங்கே தையலைத் தாங்கும் துணி மிஞ்சாது.