இதுல கேஸே கிடையாதும்மா!

போன மே மாதம் ஒரு திங்கட்கிழமை. என் ஏசி ரிப்பேர் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா, ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் காரில் வைக்கும் பிளாஸ்டிக் பிரிட்ஜ் பெட்டி ஒன்றை நிறுத்தி ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் வீட்டு ஏசியைப் பல வருஷமாக நான்தான் பார்க்கிறேன்.

"அண்ணே, இதுல கேஸ் போயிடுச்சு போல. கொஞ்சம் பாருங்க."

மூடியைத் திறந்தால் புளித்த மாவு வாடை முகத்தில் அடித்தது. ஏலகிரியில் டென்ட் போட்டு இரண்டு நாள் தங்கிவிட்டு வந்திருக்கிறார்கள். வேலூர் தாண்டும்போதே இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டதாம். குழந்தைக்கு வைத்திருந்த பால் திரிந்துபோயிற்று. மசாலா தடவி எடுத்துப்போன வஞ்சிரத்தை அப்படியே கொட்டிவிட்டார்கள்.

"இதுல கேஸே கிடையாதும்மா" என்றேன். நம்பவில்லை. அட்டைப்பெட்டியில் 'கார் பிரிட்ஜ்' என்று போட்டிருந்ததாம்.

பின்பக்க மூடியைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே சூட்டை வெளியே தள்ளும் ஒரு அலுமினிய ஹீட் சிங்க், ஒரு சின்ன ஃபேன், நடுவில் நான்கு சென்டிமீட்டர் சதுரத்தில் பிஸ்கட் போல ஒரு வெள்ளைத் தகடு. அவ்வளவுதான். அந்தத் தகட்டில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். 1834இல் பெல்டியே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த விஷயம் இது. பிரிட்ஜில் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் இதில் கிடையாது, காயில் கிடையாது.

இந்த வகைப் பெட்டியால் வெளியே இருக்கும் வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரிதான் இறக்க முடியும். அட்டையில் பொடி எழுத்தில் 'பிலோ ஆம்பியன்ட்' என்று போட்டிருப்பது இதைத்தான். வெளியே 22 டிகிரி இருக்கும் ஊரில் இது பிரிட்ஜ். நம்ம ஊரில்? 2003 மே மாதம் 45 டிகிரி பதிவான சென்னை இது. பெட்டியைக் கடையிலேயே நான்கு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். கடைக்குள் 37, பெட்டிக்குள் 19. பெட்டியில் ஒரு பழுதும் இல்லை, அதன் சக்தியே அவ்வளவுதான். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50ஐத் தாண்டும். அப்போது பெட்டிக்குள் முப்பதுக்கு மேல். பால், மீன், கறி எல்லாம் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டியவை. அதற்கு மேலே போனால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

இன்னொரு கூத்தும் உண்டு. இந்தப் பெட்டிகளில் 'ஹாட்', 'கோல்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். மின்சாரம் திரும்பிப் பாய்ந்தால் குளிர்ந்த பக்கம் சுட ஆரம்பிக்கும். பின்சீட்டுப் பையன் ஒருவன் விளையாட்டாகத் தட்டிவிட்டு, திண்டிவனம் வரை தயிரைச் சூடேற்றிக்கொண்டே போன குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும்.

ஆகவே வாங்கப்போகும்போது "எத்தனை லிட்டர்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "கம்ப்ரசர் இருக்கா?" என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் தூக்கிப் பாருங்கள். ஒரு கையில் அலாக்காக வந்தால் அது பெல்டியே பெட்டி. கம்ப்ரசர் உள்ள பெட்டியோ, இருபது லிட்டர் அளவிலேயே பத்து கிலோவுக்கு அருகில் இருக்கும். விலையும் பல மடங்கு. அடுத்து, மூடி இடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்துவிட்டால் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர், அதாவது கேஸ்கெட், சரியில்லை. சென்னைப் புழுக்கத்தில் அந்த வழியாக ஈரக்காற்று ஏறி உள்ளே தண்ணீர் கட்டும்.

கம்ப்ரசர் பெட்டி வாங்கியவர்களும் என்னிடம் வருகிறார்கள், வேறு குறையோடு: "காலைல கார் ஸ்டார்ட் ஆகல." கணக்கு எளிது. கம்ப்ரசர் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். இரவில் பாதி நேரம் ஓடினாலும் பத்து மணி நேரத்தில் 20 ஆம்பியர்-ஹவர் போய்விடும். சின்ன கார்களின் பேட்டரி 35தான். பாதிக்கு மேல் இறங்கினால் ஸ்டார்ட்டருக்குத் திராணி இருக்காது. நல்ல பெட்டிகளில் பேட்டரி இறங்கினால் தானே நின்றுவிடும் வசதி மூன்று நிலைகளில் இருக்கும். கார் பேட்டரியில் ஓட்டினால், சீக்கிரமே நிறுத்திவிடும் 'ஹை'யில் வையுங்கள். பெல்டியே பெட்டிகள் பலவற்றில் இந்த வசதியே இல்லை, இடைவிடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். பேட்டரி ஏறட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டுப் பிள்ளைகளைக் காருக்குள் தூங்கவைக்கவே கூடாது. புகை உள்ளே வந்தால் ஆளையே கொல்லும்.

லைட்டர் சாக்கெட்டில் ஒன்றை மூன்றாக்கும் மலிவு அடாப்டரைச் செருகாதீர்கள். உருகிப்போன பிளக்குகள் என் மேஜை டிராயரில் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன. டிக்கியில் வைத்தால் பெட்டியின் காற்றுப் போகும் ஜன்னலை ஒட்டி போர்வை, பாய் அடுக்காதீர்கள். சூடு வெளியே போக வழி வேண்டும்.

இன்சுலின் கொண்டுபோகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அதன் தாளிலேயே அச்சடித்திருக்கும். உறைந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். கம்ப்ரசர் பெட்டியின் உட்சுவர் நாம் வைத்த எண்ணைவிடக் குளிர்ந்து கிடக்கும். அதனால் சுவரில் படாமல் துண்டில் சுற்றி நடுவில் வையுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் போட்டுவைத்தால் நிம்மதி. பெட்டியின் முகப்பில் தெரியும் எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, என்னையே கேட்டால், வருஷத்துக்கு இரண்டு தடவை ஏலகிரி, ஏற்காடு போகிற குடும்பத்துக்கு ஐஸ் பெட்டியே போதும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கும் வெப்பம் ஏறக்குறைய 93 வாட்-ஹவர். அதே வேலையைச் செய்ய அந்த பெல்டியே பெட்டி நாலைந்து மணி நேரம் முக்க வேண்டும். திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸை நினைத்துப்பாருங்கள். 1842இல் கட்டியது. அமெரிக்காவில் ஏரியில் வெட்டிய பனிக்கட்டி மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் வந்து அங்கே இறங்கியது. எந்த மெஷினும் இல்லை. காசிமேட்டிலிருந்து இன்றைக்கும் மீன் தெர்மாக்கோல் பெட்டியில்தான் ஊர் ஊராகப் போகிறது. வீட்டு ஃப்ரீசரில் இரண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீரை உறையவைத்து அடுக்குங்கள். உருகினால் குடிக்கவும் ஆகும். மீன் கடை ஐஸை மட்டும் ஜூஸில் போட்டுவிடாதீர்கள். எந்தப் பெட்டியாக இருந்தாலும் சாமான்களை முதல் நாள் இரவே வீட்டு பிரிட்ஜில் குளிரவைத்துத்தான் அதற்குள் மாற்ற வேண்டும்.

அந்த அம்மாவிடம் காசு வாங்கவில்லை. ஐஸ் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். ஜூலையில் ஏசிக்கு சர்வீஸ் சொல்லக் கூப்பிட்டபோது ஐஸ் பெட்டி எப்படி என்று விசாரித்தேன்.

"மாவு பொங்கவே இல்லண்ணே. பால்கூட ரெண்டாம் நாள் வரைக்கும் நல்லா இருந்துச்சு. ஆனா மூடிக்குக் கொக்கி இல்லாத பெட்டியா வாங்கிட்டேன். அசந்த நேரத்துல குரங்கு வந்து தொறந்து தயிர் டப்பாவ எடுத்துட்டுப் போயிடுச்சு."