புரோட்டாக்குக்குத் தமிழில் என்ன?

அக்கா மகள் உயிர்வேதியியலில் முதுகலை படிக்கிறாள். துறையில் தமிழிலேயே பேச வேண்டிய ஒரு கருத்தரங்கம். அவளுக்கு வந்த தலைப்பு புரோட்டாக். நோய்க்குக் காரணமான புரதத்தைச் செல்லே சிதைக்கும்படி செய்யும் ஒரு வகை மருந்து அது. "மாமா, இதைத் தமிழ்ல என்னன்னு போடுறது?" என்று கேட்டு, தான் எழுதி வைத்திருந்ததையும் அனுப்பினாள்: 'புரதச்சிதைவு இலக்குக் கலப்புயிரி'. படித்தால் ஏதோ காட்டில் திரியும் பிராணி போல இருந்தது. அவள்மேல் பிழையில்லை. ஆங்கிலப் பெயரில் இருப்பதைச் சொல்லுக்குச் சொல் இறக்கி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். கோளாறு அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

புரோட்டாக் என்பது முதலெழுத்துச் சுருக்கம். விரித்தால் 'புரோட்டியோலிசிஸ் டார்கெட்டிங் கைமீரா'. 2001-இல் ஏல் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் குரூஸ், கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்து ரேமண்ட் டெஷாய்ஸ், கேத்லீன் சகமோட்டோ ஆகியோர் வெளியிட்ட கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது. முதல் துண்டில் இருக்கும் புரோட்டீன், 1838-இல் வேதியியலாளர் பெர்சீலியஸ் யோசனை சொல்லி, இன்னொரு வேதியியலாளர் முல்டர் அச்சேற்றிய சொல். 'முதன்மையானது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'லிசிஸ்' என்றால் அவிழ்த்தல். இந்த இரண்டிலும் சிக்கல் இல்லை. புரதச் சிதைவு என்று பாடப்புத்தகங்களே சொல்லிவிட்டன.

சிக்கல் கைமீராவில்தான். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பெட்டை வெள்ளாடு என்று பொருள். புராணத்தில் அது முன்பக்கம் சிங்கம், நடுவில் ஆடு, பின்பக்கம் பாம்பாக நெருப்புக் கக்கும் விலங்கு. நம் கோயில் தூண்களில் சிங்க உடலும் யானைத் துதிக்கையுமாக நிற்கும் யாளிக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். உயிரியலுக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் ஹான்ஸ் விங்க்ளர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர். 1907-இல் தக்காளியையும் நம் மணத்தக்காளி இனத்துச் செடியையும் ஒட்டுப்போட்டு, ஒட்டிய இடத்தைக் குறுக்கே வெட்டிவிட்டார். அங்கிருந்து முளைத்த ஒரு தளிரில் ஒரு பக்கம் தக்காளி இலை, மறுபக்கம் மணத்தக்காளி இலை. அதற்குத்தான் கைமீரா என்று பேர் வைத்தார். அப்புறம் இரண்டு மூலங்களைக் கொண்ட எதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. புற்றுநோய்க்குத் தரும் கார்-டி செல் சிகிச்சையின் ஆங்கிலச் சுருக்கத்தில் வரும் முதல் எழுத்தான 'சி'-யும் இதே கைமீராதான்.

ஆக, புரோட்டாக்கில் உயிரி எதுவும் கிடையாது. அது ஒரு சின்ன வேதி மூலக்கூறு. இரண்டு முனை, நடுவில் ஓர் இணைப்பு. 'கலப்புயிரி' என்று எழுதினால் கேட்பவர் மனத்தில் ஆடும் சிங்கமும்தான் வரும்.

சரி, அந்த மூலக்கூறு என்ன செய்கிறது? அதைப் பார்த்தால்தான் பேர் வைக்க முடியும்.

சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்றால் முதலில் யாரோ வந்து வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் குறி போட்டுவிட்டுப் போவார்கள். இடிக்கும் எந்திரம் பிறகுதான் வரும். வந்தால் குறி இருக்கும் சுவரை மட்டும் பார்க்கும். நம் செல்லுக்குள்ளும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே சிவப்புப் பெயிண்ட், யுபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலங்களாலான குட்டிப் புரதம். 'எங்கும்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1975-இல் இதைக் கண்டவர்கள் அங்கிங்கெனாதபடி எல்லா உயிரிலும் இருக்கும் என்று நினைத்தார்கள். பாக்டீரியாக்களில் பொதுவாகக் கிடையாது என்பது பிறகு தெரிந்தது. பேர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. வேண்டாத புரதத்தின் மேல் இந்த யுபிக்விட்டின் ஒன்றன்மேல் ஒன்றாகச் சங்கிலி கோத்தால், புரோட்டியசோம் அதைப் பிடித்துக்கொள்ளும். நான்கு வளையல்களை அடுக்கி வைத்தது போன்ற பீப்பாய் அது. கரும்பு மெஷினுக்குள் கரும்பு போவதுபோல, மடிப்பு அவிழ்ந்த புரதம் ஒரு பக்கம் நுழைந்து துண்டு துண்டாக வெளியே வரும். இந்த ஏற்பாட்டைத் துலக்கியதற்காகத்தான் ஆரோன் சீகனோவர், ஆவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

எந்தச் சுவரில் குறி போடுவது என்று முடிவு செய்பவை ஈ3 லைகேஸ் எனப்படும் நொதிகள். மனித செல்லில் 600-க்கும் மேல் உண்டு. புரோட்டாக்கின் வேலை இங்கேதான். ஒரு கையால் நோய்க்குக் காரணமான புரதத்தைப் பிடிக்கிறது. இன்னொரு கையால் ஓர் ஈ3-யைப் பிடித்து இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்துகிறது. ஈ3 தன் வழக்கமான வேலையைச் செய்கிறது, குறி விழுகிறது. புரதம் போய்ச் சேர்ந்ததும் மருந்து விடுபட்டு அடுத்த புரதத்தைத் தேடிப் போகிறது.

இதை ஒரு கல்யாணத் தரகர் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். இரண்டு வீட்டையும் சேர்த்து உட்கார வைப்பதோடு அவர் வேலை முடிந்தது. அடுத்த வரனைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். அதனால் கொஞ்சம் மருந்தே நிறைய புரதத்தைத் தீர்க்கும். ஆனால் ஊரில் தரகர்கள் பெருகிவிட்டால்? பெண் வீட்டில் ஒரு தரகர், மாப்பிள்ளை வீட்டில் வேறொரு தரகர். இரு வீடும் சந்திக்கவே சந்திக்காது. மருந்தைக் கூட்டினால் இதேதான் நடக்கிறது. ஒரு மூலக்கூறு புரதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், இன்னொன்று ஈ3-யைப் பிடித்துக்கொண்டு நிற்கும், சேர்க்கை நடக்காது. வரைபடத்தில் கோடு கொக்கிபோல் வளைந்து திரும்புவதால் இதைக் கொக்கி விளைவு என்கிறார்கள். இந்தச் சொல்லைத் தமிழில் போடுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பழைய வகை மருந்துகளில் பெரும்பாலானவை தடுப்பான்கள். புரதத்தில் இருக்கும் ஒரு குழியில் போய் உட்கார்ந்து அதன் வேலையை நிறுத்துபவை. எழுந்துவிட்டால் வேலை மறுபடி தொடங்கும். ஆகவே உட்கார்ந்தே இருக்க வேண்டும். பல புரதங்களில் உட்காரத் தோதான குழியே கிடையாது. அவற்றை ஆங்கிலத்தில் 'அன்டிரக்கபிள்' என்பார்கள். 'மருந்தாக்க இயலாத' என்றொரு மொழிபெயர்ப்பைப் பார்த்தேன். புரதத்தை யார் மருந்தாக்கப் போகிறார்கள்? நம்மிடம் கைவசமே சொல் இருக்கிறது: பிடிகொடுக்காத புரதம். பேச்சில் பிடிகொடுக்காமல் நழுவுகிற ஆளைச் சொல்வோமே, அதே சொல். மருந்துக்கு ஒரு பிடி கிடைக்காததுதான் இங்கேயும் பிரச்சினை. புரோட்டாக்குக்குக் குழியில் உட்கார்ந்து வேலையை நிறுத்தும் பொறுப்பு இல்லை, எங்காவது ஓரத்தில் ஒரு பிடி கிடைத்தால் போதும். இந்த ஆராய்ச்சி சூடுபிடித்ததற்கு அதுவே பெரிய காரணம்.

ஈ3-யைப் பிடிக்கும் கைக்கு ஒரு கறுப்புக் கதை உண்டு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக வந்த தாலிடோமைடைக் கர்ப்பிணிகள் குமட்டலுக்காகவும் எடுத்துக்கொண்டார்கள். 1961 இறுதியில் அங்கே அதைத் திரும்பப் பெறும்போது உலகெங்கும் கைகால் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகள் 10,000-க்கும் மேல் என்று கணக்கு. அது உடலில் எதைப் பிடித்தது என்று தெரிய ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆயின. 2010-இல் ஜப்பானில் ஹிரோஷி ஹண்டாவின் குழு அதைக் கண்டது: செரப்ளான் என்ற, ஈ3-யின் ஓர் உறுப்பு. தாலிடோமைடு செரப்ளானில் ஒட்டிக்கொண்டு, அது வழக்கமாகத் தொடாத புரதங்களை அதற்குக் காட்டிக்கொடுக்கிறது. இன்றைய புரோட்டாக்குகள் பலவற்றில் ஒரு கை தாலிடோமைடின் வாரிசுதான்.

2019-இல் இந்த வகை மருந்து முதன்முதலாக மனிதரில் சோதனைக்குப் போனது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக, ஆண் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் புரதமான ஆண்ட்ரோஜன் ஏற்பியைக் குறிவைத்த மாத்திரை அது. இரண்டு கையும் இருப்பதால் ஆள் கொஞ்சம் பருமன். வாய்வழி மருந்தென்றால் மூலக்கூறின் எடை 500 டால்டனுக்குள் (மூலக்கூறு எடையை அளக்கும் அலகு) இருப்பது நல்லது என்பது 1997-இலிருந்து வழங்கும் லிபின்ஸ்கி விதி. இவை பெரும்பாலும் 700-ஐத் தாண்டும். குடலில் உறிஞ்ச வைப்பதே பெரும்பாடு.

இப்போது பேருக்கு வருவோம். சொல்லின் வேரைப் பார்க்காமல் பொருளின் வேலையைப் பார்த்து வைத்த பேர்தான் தமிழில் தங்கும் என்பது என் கட்சி. இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய ஒரே நல்ல உதாரணம் நொதி. 1877-இல் ஜெர்மானிய உடலியலாளர் கியூனே வைத்த 'என்சைம்' என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் 'புளிக்கவைக்கும் ஈஸ்டில் உள்ளது' என்று பொருள். நாமும் நொதித்தலிலிருந்து நொதி என்றோம், இலங்கையில் நொதியம் என்றார்கள். வேரும் பொருந்தியது, வேலையும் பொருந்தியது. அப்படி வாய்ப்பது அபூர்வம். ஆட்டையும் மருந்தையும் அதுபோல் பொருத்த முடியாது.

நான் சொன்ன பேர், 'இருகைச் சிதைப்பி'. இந்த வகை மருந்துகளை ஆங்கிலத்திலேயே பொதுவாக 'டிகிரேடர்' என்கிறார்கள். புரோட்டாக் என்ற பெயரை அர்வினாஸ் என்ற நிறுவனம் வணிகக் குறியாகப் பதிந்து வைத்திருக்கிறது. அதனால் பொதுச்சொல் ஒன்று எப்படியும் வேண்டும். 'சிதைப்பான்' ஆகாது, மக்கவைக்கும் பூஞ்சைகளைச் சுற்றுச்சூழல் பாடத்தில் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஏற்பி, வினையூக்கி வரிசையில் சிதைப்பி வந்து நிற்கும்.

அவள் உடனே மடக்கினாள். "மருந்து சிதைக்கலையே மாமா, செல்லுதானே சிதைக்குது?" நியாயமான கேள்வி. ஆனால் படி என்பதிலிருந்து படிப்பி வருவதுபோல, சிதை என்பதிலிருந்து சிதைப்பி வரும். படிப்பிப்பவர் படிப்பதில்லை, படிக்க வைக்கிறார். சிதைப்பியும் அப்படித்தான், வேறொன்றைக் கொண்டு சிதைக்க வைக்கிறது. பெயராகப் படித்தாலும் வினையாகப் படித்தாலும் மருந்தின் வேலை அதில் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'டிகிரேடர்' இதைச் சொல்லாது.

சொல் குட்டி போடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒளி பட்டால் வேலை செய்யும் வகைக்கு ஒளிச் சிதைப்பி. ஆர்.என்.ஏ.-வைக் குறிவைப்பதற்கு ஆர்.என்.ஏ. சிதைப்பி. தாலிடோமைடுபோல் இரண்டு கை இல்லாமல் நடுவில் ஒட்டிச் சேர்ப்பதற்குப் பசைச் சிதைப்பி. நடுவில் இருக்கும் இணைப்புக்குத்தான் எனக்கு இன்னும் பேர் அமையவில்லை. 'இணைப்பி' என்றால் கணினிக்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். 'இடைக்கயிறு' என்றால் அவள் சிரிக்கிறாள்.

கருத்தரங்கம் முடிந்து போன் செய்தாள். பலகையில் இருகைச் சிதைப்பி என்று பெரிதாகவும் அடியில் புரோட்டாக் என்று சின்னதாகவும் போட்டாளாம். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "இதுல சோத்தாங்கை எது, பீச்சாங்கை எது?" என்று கேட்டிருக்கிறான்.