அணியத்து அறை அலமாரி இல்லை

அணியத்தில் கதவு வெட்டி என் பட்டறைக்கு வந்த பைபர் வள்ளங்களில், இந்த சீசனில் இது மூன்றாவது. அடிப்பக்கம் கீறல் என்று சொல்லித்தான் கொண்டுவந்து ஏற்றினார்கள். கீறலைப் பார்க்கக் குனிந்தவன் அணியத்துத் தட்டை, அதாவது வள்ளத்தின் முன்பக்க மேல்தட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். ஒன்றரை அடிச் சதுரத்துக்கு கிரைண்டர் போட்டு வெட்டி, கீல் அடித்து, கதவு வைத்திருக்கிறார்கள். வீட்டு ஜன்னலுக்கு மாட்டுகிற கொக்கி வேறு. உள்ளே பேட்டரி, நைலான் கயிறு, சோற்று வாளி இரண்டு, ஒரு பெட்ரோல் கேன்.

"உள்ளே இருந்த நுரை எங்கே தம்பி?"

"அது சும்மாதானேண்ணே அடைச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. பிய்ச்சுப் போட்டுட்டோம். நல்ல இடம்ணே, ஒரு வலையே வைக்கலாம்."

சும்மா கிடந்ததாம்!

எனக்கு ஆத்திரம் வருவது அடுத்த பதிலில்தான். வள்ளம் மூழ்கினால் என்ன செய்வாய் என்று கேட்டால், "பைபர்தானேண்ணே, மிதக்கும்" என்பார்கள். இருபது வயதுப் பையனும் சொல்கிறான், நாற்பது வருடம் கடல் பார்த்தவரும் சொல்கிறார். என் பட்டறையில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கும். இப்படிச் சொல்கிறவர் கையில் உடைந்த பைபர் துண்டு ஒன்றைக் கொடுத்து அதில் போடச் சொல்வேன். கல் மாதிரி அடியில் போய் உட்காரும். பைபர் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். வள்ளம் மிதப்பது அதன் குழிவால்தான், பைபரால் இல்லை. எவர்சில்வர் தட்டு மிதக்கிறதே, அதே கணக்கு. குழிவுக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால் தட்டு எங்கே போகுமோ அங்கேதான் வள்ளமும் போகும்.

600 கிலோ பைபர் ஓடு தண்ணீருக்குள் முழுகிய பிறகும் சுமார் 200 கிலோ பாரத்தோடு கீழே இழுக்கும். மோட்டார் தனி. ஓரத்தைப் பிடித்துத் தொங்குகிற நான்கு பேர் தனி. இத்தனையையும் தாங்கத்தான் அணியத்தில் நுரை அடைத்து மூடிய அறை. தண்ணீர் புகாத ஒரு லிட்டர் இடம் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். நீங்கள் 150 லிட்டர் அறையைத் திறந்து கதவு போட்டால், 150 கிலோ தாங்கும் பலத்தைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுப் போகிறீர்கள். நுரையை உள்ளேயே வைத்துக்கொண்டு கதவு மட்டும் போட்டாலும் ஆபத்துதான். வெட்டிய இடம் வழியாக ஊறி ஊறி நுரை தண்ணீர் குடிக்கும்.

பெரியவர்கள் ஏன் இப்படி நம்புகிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அவர்கள் கட்டுமரத்தில் வளர்ந்தவர்கள். கட்டுமரம் கவிழும், ஆனால் மூழ்காது, மரமே மிதவை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் பைபர் பெருகியது. ஏறுகிற ஆட்கள் மாறவில்லை, ஏறுகிற பொருள் மாறிவிட்டது.

இந்த மூன்றில் ஒன்று முகத்துவாரத்தில் பின்னாலிருந்து அலை ஏறிப் பின்பக்கமாகவே இறங்கிப்போனது. ஆட்கள் காலி மண்ணெண்ணெய் கேன்களைக் கட்டிப்பிடித்துப் பிழைத்தார்கள். வள்ளத்தைப் பிறகு இழுத்துவந்தார்கள், மோட்டார் போச்சு.

தொழில் பேச்சு ஒன்று. சிலர் நுரைக்குப் பதிலாக தெர்மாகோலை அடைத்து, மேலே நேராக ரெசின் (பைபரை இறுக வைக்கிற பிசின்) பூசிவிடுகிறார்கள். ரெசின் பட்டால் தெர்மாகோல் கரைந்து பசையாகிவிடும். பெட்ரோலும் அதைக் கரைக்கும். அந்த அறையில் பெட்ரோல் கேனை வைக்கிற புண்ணியவான்கள் இதைக் கவனிக்கவும்.

சரி, இடம் போதவில்லை என்பது உண்மைதான். அதற்கு வழி இருக்கிறது. பிளாஸ்டிக் மீன் பெட்டி நான்கு வாங்கி, குறுக்குப் பலகைக்கு அடியில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். ஐஸ் பெட்டியும் வலையும் வள்ளத்தின் நடுவில், தாழ்வாக. மோட்டாருக்கு ஓடிக்கொண்டிருக்கிற பெட்ரோல் கேன் மட்டும் மோட்டார் பக்கம். மீதிக் கேன்கள் நடுப்பக்கம் வரட்டும். மோட்டார், கேன்கள், இரண்டு ஆள் எல்லாம் பின்னால் என்றால் முதல் அலையே உள்ளே வரும். தண்ணீர் இறைக்கிற வாளியைக் கயிற்றில் கட்டி வையுங்கள். தேவைப்படும் நேரத்தில் அதுதான் முதலில் மிதந்து போகும். பேட்டரியை மூடியுள்ள டப்பாவில், பெட்ரோலிலிருந்து தள்ளி. காம்பஸ் பக்கத்தில் செல்போனும் ஸ்பீக்கரும் வேண்டாம், முள் திரும்பிவிடும்.

அப்புறம் லைஃப் ஜாக்கெட். கல்யாணச் சீர் மாதிரி பாலிதீன் உறை பிரிக்காமல் வலைக்கு அடியில் வைத்திருக்கிறீர்கள். உறையைக் கிழித்துப் போடுங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிற மாதிரி மாட்டுங்கள். போட்டுக்கொண்டே போனால் இன்னும் நல்லது. கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைப் பலகையில் பெயின்ட்டில் எழுதி வையுங்கள்.

ஏற்கெனவே கதவு வெட்டியவர்கள் கூச்சப்படாமல் கொண்டுவாருங்கள், திட்ட மாட்டேன். கொஞ்சம்தான் திட்டுவேன். நுரை ஊற்றி, மேட் (கண்ணாடி நார் விரிப்பு) வைத்து அடைக்க இரண்டு நாள் ஆகும். மேட், ரெசின், நுரை உங்கள் செலவு. கூலி வேண்டாம்.